ஸ்பெயின் வீட்டுப் படலை

வெயிலுக்கு வீடு கட்டத் தெரிந்தவர் எங்கள் மாமா. இதை நான் அடித்துச் சொல்வேன். வேறு எந்த விஷயத்திலும் அடித்துச் சொல்கிற ஆளில்லை நான். நாலு பேர் இருக்கிற இடத்தில் என் பெயரைக் கேட்டாலே அக்காவின் முகத்தைப் பார்க்கிற பிள்ளையாக வளர்ந்தவள். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நின்றுபோனது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் எந்த இஞ்சினியர் வந்தாலும் எனக்குப் பயமில்லை. சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம் அந்த வீட்டின் நடுமுற்றத்து விறாந்தையில் பாயைப் போட்டு அவரைப் படுக்கவிடுவேன். பிறகு எழும்பி வந்து கதைக்கட்டும்.

நாங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து குடியேறின ஆட்கள். குளத்துத் தண்ணீரும் வயற்காணியும் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஐயா எங்களையும் இரண்டு மாடுகளையும் கூட்டிக்கொண்டு ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட, காடு வெட்டித் திருத்தின இடத்துக்கு வந்தார். சுதந்திரம் கிடைத்துப் பத்துப் பன்னிரண்டு வருஷம் போயிருந்த காலம். குடியேறினவர்களுக்கு அரசாங்கமே வீடு கட்டிக் கொடுத்திருந்தது. எல்லாம் ஒரே அச்சு. இரண்டு அறை, ஒரு குசினி, தகரக் கூரை. வந்த புதிதில் ஐயா வயலால் களைத்து வந்து, பக்கத்து வீட்டுக்குள் போய்க் கதிரையில் இருந்து தேத்தண்ணி கேட்டிருக்கிறார். அவர்களும் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். அந்தத் தகரத்துக்குக் கீழே பகல் பத்து மணிக்குப் பிறகு இருப்பது, நெல் அவிக்கிற கிடாரத்துக்குள் இருப்பது மாதிரி.

அக்காவுக்குக் கலியாண வயது வந்தது. எங்கள் ஆட்களில் பெண்ணைக் கொடுப்பதென்றால் வீட்டோடு கொடுக்கவேண்டும். மாப்பிள்ளை எப்படியென்று பெண் வீட்டார் பார்ப்பார்கள். வீடு எப்படியென்று மாப்பிள்ளை வீட்டார் பார்ப்பார்கள். பெண்ணைப் பார்ப்பது அதற்குப் பிறகு. இருக்கிற தகர வீட்டைக் கொடுத்தால் நாங்கள் எங்கே போவது? ஐயா ரோட்டுக்கரையில் இருந்த மேட்டு நிலத்தைத் துப்புரவாக்கி, அதில் அக்காவுக்கென்று ஒரு வீடு கட்டுவதென்று தீர்மானித்தார். கட்டுவதற்கு ஆள் தேடவேண்டிய தேவை இருக்கவில்லை. அம்மாவின் தமையன் மேசன்.

மாமா அதுவரையில் கொழும்பில் வேலை செய்தவர். கலியாணம் கட்டாத மனுஷன். ஒரு றங்குப்பெட்டியோடு வந்து இறங்கினார். அந்தப் பெட்டியின் மூடிக்கு உட்பக்கத்தில் ஒரு படம் ஒட்டியிருந்தது. ஒரு வெள்ளை வீடு. வாசல் மேலே வளைந்திருந்தது. சிவப்பு ஓடுகள், பாதிக் குழாய் மாதிரி. நடுவில் முற்றம், முற்றத்தின் நடுவில் தண்ணீர் மேலே சீறிக்கொண்டிருந்தது. இப்படி ஒரு வீட்டைத்தான் மாமா கொழும்பில் ஒரு பணக்காரருக்கு வேறு மேசன்மாரோடு சேர்ந்து கட்டி முடித்திருந்தார். அந்த வீட்டு இஞ்சினியர் கொடுத்த படம் அது.

"இது ஸ்பெயின் வீடு. தங்கச்சி, உன்ர மூத்தவளுக்கு இதைத்தான் கட்டப்போறன்" என்றார்.

"ஸ்பெயின் எங்க கிடக்கு?" என்று ஐயா கேட்டார்.

"போர்த்துக்கீசற்ற பக்கத்து வளவு."

"பறங்கியின்ர பக்கத்து வளவுக்காரன்ர வீட்டை நாங்கள் ஏன் மச்சான் கட்டுவான்?"

"அங்கயும் இதே வெயில்தான். அவங்கள் நூற்றுக் கணக்கான வருஷமாய் வெயிலோட சண்டை பிடிச்சுப் பார்த்துக் கடைசியில கண்டுபிடிச்ச வீடு. நாங்கள் ஏன் முதல்ல இருந்து சண்டை பிடிப்பான்?"

ஐயா சம்மதித்தார். பதில் தெரியாத இடங்களில் சம்மதிப்பது அவருடைய சுபாவம்.

மாமா சுவர்களை ஒரு முழத் தடிப்பில் எழுப்பினார். மேற்குப் பக்கத்தில் ஒரு யன்னல்கூட வைக்கவில்லை. "பின்னேர வெயில் கூப்பிடாமல் வாற விருந்தாளி. அதுக்கு வாசல் வைக்கேலாது" என்றார். முல்லைத்தீவுக் கரையால் சுண்ணாம்பு எடுப்பித்துச் சுவருக்குப் பூசினார். பூசினதை மட்டப்பலகை போட்டு இழைக்காமல் கையாலேயே தடவி விட்டார். அவருடைய உள்ளங்கைத் தடம் இப்போதும் அந்தச் சுவரில் இருக்கிறது. பார்த்தவர்கள், மேசனுக்குப் பூச்சு வேலை வராது போல இருக்கு என்று கதைத்தார்கள். மேடு பள்ளத்தில் வெளிச்சம் பட்டால் கண் கூசாது என்று மாமா சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஓட்டுக்கு என்ன செய்வது? அப்போது யாழ்ப்பாணத்தில் எல்லோரும் பழைய பீலி ஓடுகளைக் கழற்றிவிட்டுத் தட்டை ஓடு போட்டுக்கொண்டிருந்த காலம். கழற்றினதை வேலியோரம் குவித்து வைத்திருப்பார்கள். மாமாவின் படத்தில் இருந்த பாதிக் குழாயும் எங்கள் பீலி ஓடும் சொந்தச் சகோதரங்கள் மாதிரி. லொறி பிடித்துக்கொண்டு போய், வீடு வீடாக, "உங்கட குப்பையை நான் எடுத்துக்கொண்டு போறன்" என்று அள்ளிக்கொண்டு வந்தார். தண்ணீர் சீறுகிற யந்திரத்துக்குத்தான் வழியில்லை. அதற்குப் பதிலாக நடுமுற்றத்தில் ஒரு பெரிய மண்சாடியைப் பாதி புதைத்து, நிறையத் தண்ணீர் விட்டு, பக்கத்தில் ஒரு மல்லிகைக் கொடியை வைத்தார். தண்ணீர் அள்ளி நிரப்புகிற வேலை அக்காவுக்கு.

வாசல் வளைவுதான் குடியேற்றம் முழுவதையும் கூட்டிக்கொண்டு வந்தது. பலகையால் முட்டுக் கொடுத்து, அதன்மேல் கல்லை வளைத்து அடுக்கி, காயவிட்டிருந்தார். அந்த முட்டுப் பலகையைத் தட்டி எடுக்கிற நாளன்று, விழுகிறதைப் பார்ப்பதற்கென்றே சனம் வேலியோரம் நின்றது. மாமா ஒரு கதிரையைத் தூக்கி வந்து வளைவுக்கு நேரே கீழே போட்டார். அதில் இருந்து சுருட்டைப் பற்றவைத்தார்.

"மச்சான், தட்டும்."

"எழும்பி வாரும் மச்சான். விளையாடாதையும்" என்றார் ஐயா.

"சனம் நிறைஞ்ச பஸ்ஸில ஆரும் விழுந்ததைக் கண்டனீரோ? ஆளுக்கு ஆள் நெருக்கிக்கொண்டு நிண்டால் விழ இடமேது? கல்லும் அப்பிடித்தான். தட்டும்."

ஐயா கண்ணை மூடிக்கொண்டு தட்டினார். முட்டுச் சரிந்தது. மாமாவின் தலையில் கொஞ்சம் தூசி விழுந்தது. வேறொன்றும் விழவில்லை. சனம் ஏமாந்துபோய்க் கலைந்தது.

வீடு முடிந்த பிறகு புதிதாக ஒரு தலையிடி வந்தது. வெள்ளைச் சுவர், வளைவு வாசல், வாசலுக்குப் பக்கத்தில் படத்தில் இருந்த மாதிரியே ஒரு சின்ன மாடம். ரோட்டில் போகிறவர்கள் பார்த்துவிட்டு, "மேசனார், பூசை எப்ப?" என்று கேட்கத் தொடங்கினார்கள். எங்கள் ஆட்கள் அதுவரை இந்த வடிவத்தைக் கிறிஸ்தவர்களின் வேதக்கோயிலில் மட்டும்தான் கண்டிருந்தார்கள். மாமா சிரித்துக்கொண்டே, "சாமியார் இன்னும் வந்து சேரேல்லை" என்பார். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அண்ணை, மாப்பிள்ளை வீட்டார் வந்து வேதக்கோயிலெண்டு திரும்பிப் போச்சினமெண்டால் என்ர பிள்ளையின்ர கதி என்ன? முன்னமே ரெண்டு இடம் காடு எண்டு சொல்லி மாட்டமெண்டு போட்டினம்."

அதுதான் உண்மை. இரண்டு சம்பந்தம் தப்பியிருந்தது. மூன்றாவதும் தப்பினால் அக்காவின் பேரோடு ஒரு கதை ஒட்டிக்கொள்ளும். அக்கா சாடிக்குத் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்கு இன்னொரு குறையும் இருந்தது. ரோட்டுப் பக்கத்து வேலிக் கதவான படலைக்கு மாமா பூட்டுப் போடவில்லை. புது வீடு, ரோட்டுக்கரை, ஒரு பூட்டு வாங்கி வாருங்கோ என்று மாமா சந்தைக்குப் போகும்போதெல்லாம் அம்மா சொல்லிவிடுவார். மாமா ஆணி வாங்கி வருவார், புகையிலை வாங்கி வருவார், எனக்குக் கல்கண்டுகூட வாங்கி வருவார். "பூட்டு?" என்று கேட்டால், "மறந்துபோனன் தங்கச்சி" என்பார்.

சாப்பாட்டுக்குப் பிறகு மாமா கொழும்புக் கதைகள் சொல்வார். அதில் எனக்கு மிகவும் பிடித்தது காவல்காரன் கதை. "வீடு முடிஞ்சு ஒரு மாசத்தால, ஒருக்கால் பார்ப்பமெண்டு போனன். வெள்ளை வேட்டி கட்டி, சால்வையும் போட்டுக்கொண்டுதான் போனன். படலையில பெரிய பூட்டு. காவல்காரன் விடேல்லை. 'அந்த வளைவு நான் கட்டினது' எண்டன். 'அப்பிடியே? அப்ப இதில நிண்டு பார்' எண்டான். நிண்டு பார்த்தன். வடிவாய்த்தான் இருந்தது." காவல்காரன் மாதிரி மீசையை முறுக்கிக் காட்டுவார். எல்லோரும் சிரிப்போம். நான்தான் அதிகமாகச் சிரிப்பேன். இன்னொருக்கால் சொல்லுங்கோ மாமா என்று கேட்பேன். அவரும் சொல்வார்.

மூன்றாவது மாப்பிள்ளை வீட்டார் ஆனி மாதத்தில் வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். ஆடி பிறந்தால் நல்ல காரியம் கதைக்கமுடியாது; அதற்குள் பார்த்து முடிக்கவேண்டும். மாப்பிள்ளை ஒரு கந்தோரில் கிளாக்கர். வருவது மாப்பிள்ளையின் தாயும், தாயின் தமையனும். அந்தத் தமையனார் சொன்னால்தான் அந்தக் குடும்பத்தில் பகல் பகலாகும், இரவு இரவாகும் என்று கேள்வி.

அன்றைக்குச் சோழகக் காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. ஐயாவும் மாமாவும் எங்கள் மாட்டு வண்டியில் சந்திக்குப் போய்விட்டார்கள், பஸ்ஸில் வருகிறவர்களைக் கூட்டிவர. அம்மாவும் அக்காவும் பின்னால் பழைய வீட்டுக் குசினியில். வீடு கோயில் மாதிரித் தெரியக்கூடாது என்று அம்மா காலையிலேயே வாசல் வளைவில் மாவிலைத் தோரணம் கட்டுவித்திருந்தார். எனக்குப் புதுச் சட்டை போட்டுப் படலையடியில் நிறுத்தினார்.

"எங்கட வண்டி தெரிஞ்ச உடன ஓடிவந்து சொல்லு. அதுமட்டும் படலையை விட்டு அசையக்கூடாது. ஆரும் ஏதும் கேட்டால் வாயைப் பொத்திக்கொண்டு நிக்காதை. மரியாதையாய் 'ஓம்' எண்டு சொல்லு. விளங்கிச்சோ?"

"ஓம்" என்றேன்.

எங்கள் வண்டி வரவில்லை. வேறு இரண்டு வண்டிகள் வந்தன, கிடுகு வேய்ந்த கூடாரத்தோடு. கொக்கிளாய்ப் பக்கத்து மீன்பிடிச் சனங்கள், மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போகிறவர்கள். ஒவ்வொரு வருஷமும் அந்தக் காலத்தில் எங்கள் ரோட்டால்தான் போவார்கள். முன்வண்டியில் இருந்து தலையில் துவாய் கட்டின பெரியவர் ஒருவர் இறங்கினார். கழுத்தில் செபமாலை. வீட்டைப் பார்த்தார். துவாயை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்தார்.

"பிள்ளை, இது புதுக் கோயிலோ? போன முறை காணேல்லையே."

அம்மா சொன்னது ஞாபகம் வந்தது.

"ஓம்."

"தோரணமும் கட்டிக் கிடக்கு. சாமியார் வந்து மந்திரிக்கிறது இனித்தானோ?"

"ஓம்."

அவர் மாடத்தைப் பார்த்தார். அதில் ஒன்றுமில்லை. "மாதா சுரூபம் இன்னும் வரேல்லை என்ன?"

"ஓம்."

"உள்ளுக்குப் போய்க் கும்பிடலாமோ பிள்ளை?"

நான்காவது தரம் சொல்லும்போது எனக்கு ஓரளவு தைரியமே வந்திருந்தது. "ஓம்!"

பத்துப் பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். மாடுகளை அவிழ்த்து ரோட்டோரப் பாலை மரத்தில் கட்டினார்கள். செருப்புப் போட்டிருந்த இரண்டு பேரும் படலையடியில் கழற்றி வைத்தார்கள். ஒரு அம்மா மெழுகுதிரி கொளுத்தி வெறும் மாடத்தில் வைத்தார். உள்ளே போனவர்கள் நடுமுற்றத்துச் சாடியைக் கண்டு, அக்கா காலையில் அள்ளிவிட்ட கிணற்றுத் தண்ணீரில் விரலைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். முழங்காலில் நின்று செபம் சொல்லத் தொடங்கினார்கள். வந்ததில் ஒரு இளம்பெண்ணின் கையில் இருந்த குழந்தை, வண்டி தூரத்தில் வரும்போதே வீரிட்டுக்கொண்டிருந்தது. உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் அதன் சத்தம் நின்றுவிட்டது.

நான் ஓடிப்போய் அம்மாவிடம் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் எங்கள் வண்டி தெரியும்வரை அசையக்கூடாது என்பது கட்டளை. சொன்ன வேலையைச் செய்கிற பிள்ளை நான். நின்றேன்.

எங்கள் வண்டி வந்தது. ஓட நினைத்தேன், படலையைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

முதலில் இறங்கினவர் தமையனார். கறுப்புக் குடை, கரைச் சால்வை. பாலை மரத்து மாடுகளைப் பார்த்தார், மெழுகுதிரியைப் பார்த்தார், உள்ளே இருந்து வந்த செபத்தைக் கேட்டார். பிறகு ஐயாவைத் திரும்பிப் பார்த்தார்.

"வீடு காட்டிறமெண்டு சொல்லி வேதக்கோயிலுக்கோ கூட்டிக்கொண்டு வாறியள்?"

ஐயா பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் கொக்கிளாய்ப் பெரியவர் வாசலுக்கு வந்து எல்லோரையும் கைகூப்பி வரவேற்றார். "வாங்கோ, வாங்கோ. செருப்பை அதில கழட்டிப்போட்டு வாங்கோ. உள்ளுக்கு நல்ல குளிர்மை." வீட்டுக்காரரான ஐயா, என்ன செய்கிறோம் என்று தெரியாமலே செருப்பைக் கழற்றினார்.

மாப்பிள்ளையின் தாயார் ஒருவருடைய கதையையும் கேட்கவில்லை. தடித்த மனுஷி. விடியற்காலையில் புறப்பட்டு, இரண்டு பஸ் மாறி, வண்டியில் குலுங்கி வந்திருக்கிறார். முகம் செம்பு மாதிரிச் சிவந்திருந்தது. நேரே வளைவுக்குக் கீழால் நடந்து உள்ளே போனார். படலையை விட்டு நானும் பின்னால் போனேன்.

அவர் நடுமுற்றத்து விறாந்தையில் அப்படியே நின்றார். பிறகு சுவரோடு முதுகைச் சாய்த்துக்கொண்டு மெல்ல நிலத்தில் இருந்தார். அந்த இளம்பெண் தன் பாயைக் கொஞ்சம் இழுத்து அவருக்கு இடம் விட்டாள். மூக்குப்பேணியில் தண்ணீர் நீட்டினாள்.

"குடியுங்கோ அம்மா. நல்லாய்க் களைச்சுப்போனியள்."

யார் கையால் யார் தண்ணீர் வாங்கிக் குடிப்பது என்பதற்கு அந்தக் காலத்தில் ஒரு சட்டம் இருந்தது. எழுதாத சட்டம், அதனால் எல்லோருக்கும் பாடம். வாசலில் நின்ற தமையனார், "தங்கச்சி!" என்றார். மாப்பிள்ளையின் தாயார் அந்தப் பேணியை வாங்கி, அண்ணாந்து, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். அண்ணாந்தபடியே கூரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"ஆர் கட்டினது?"

மாமா முன்னுக்கு வந்தார். "நான்தான்."

"இது எங்கட பழைய பீலி ஓடெல்லோ?"

"ஓம். உங்கட பக்கத்தாலதான் அள்ளிக்கொண்டு வந்தனான்."

அதற்குள் தமையனார் உள்ளே வந்துவிட்டார். குடையை நிலத்தில் ஒரு குத்துக் குத்தினார். "எழும்பு தங்கச்சி. பஸ்ஸுக்கு நேரமாச்சு. சனம் மெழுகுதிரி கொளுத்திக் கும்பிட்ட இடத்தில சம்சாரம் குடியிருக்கப்படாது."

இதைக் கேட்டதும்தான் கொக்கிளாய்ப் பெரியவருக்கு விஷயம் விளங்கியது. "சம்சாரமோ? இது வீடோ?" என்றார். பிறகு என்னைத் தேடிப் பிடித்து விரலை நீட்டினார். "இந்தப் பிள்ளைதானே ஓமெண்டு சொன்னது! நாலு தரம் சொன்னது!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நேரம் போகிறதே என்று பின்வாசலால் வந்த அம்மாவும் அந்த நேரம் பார்த்துத்தான் வந்து சேர்ந்தார். கையில் சந்தனத் தட்டம். நான் தூணுக்குப் பின்னால் போனேன். அந்தத் தூண் என்னைவிட மெல்லிசு.

பெரியவர் விரலை மடக்கினார். "சரி, கும்பிட்டது கும்பிட்டதுதான். திருப்பி எடுக்கேலாது. இந்த வீட்டில இருக்கப்போறவைக்கு நல்லது நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தன் ஆட்களை எழும்பச் சொன்னார்.

"ஆரும் எழும்ப வேண்டாம்" என்றார் மாப்பிள்ளையின் தாயார். கண்ணைத் திறக்காமலே சொன்னார். "சத்தம் போடாதையுங்கோ. குழந்தை நித்திரை."

"தங்கச்சி, நான் சொல்லுறது கேக்குதோ? இதில குடியிருக்கப்படாது."

"அண்ணை, நான் பிறந்த வீட்டுக்கும் இப்பிடித்தான் நடுவில முற்றம். இதே ஓடு. நீங்கள்தானே நாகரிகமெண்டு சொல்லி ஓட்டைக் கழட்டி எறிஞ்சு, முற்றத்துக்கு மேல தகரம் போட்டனீங்கள். பதினொரு வருஷமாய் அந்த வீட்டில நான் ஒரு மத்தியானம் கண்ணயர்ந்ததில்லை. கும்பிட்ட இடத்தில குடியிருக்கலாம். நீங்கள் திருத்தின இடத்திலதான் ஏலாது."

பெரியவர் துவாயால் வாயைப் பொத்திக்கொண்டார். தமையனார் எதையோ சொல்ல வந்தார். ஆனால் சொல்வதைக் கேட்க அவருக்கு முன்னால் ஆளில்லை. மாப்பிள்ளையின் தாயார் தன்னுடைய பையைத் தலைக்கு வைத்து, அந்தக் குழந்தைக்குப் பக்கத்தில் சரிந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் குறட்டைச் சத்தம் வந்தது.

பெண் பார்க்க வந்தவரை எழுப்புவது எப்படி? எழுப்ப ஒருவருக்கும் தைரியமில்லை. பஸ் போகிற சத்தம் தூரத்தில் கேட்டது. தமையனார் ஒரு கதிரையில் விறைப்பாக இருந்தார். காற்று ஓடுகளுக்குக் கீழால் வந்து அவருடைய சால்வையை அசைத்தது. கொஞ்ச நேரத்தில் அவருடைய குடை கையில் இருந்து நழுவி விழுந்தது. அதைக் குனிந்து எடுக்க அவர் விழித்திருக்கவில்லை. கொக்கிளாய்ச் சனங்களும் ஒவ்வொருவராகச் சரிந்தார்கள். வெளியே வெயில் ரோட்டை வறுத்துக்கொண்டிருந்தது. அக்காவின் வீட்டுக்குள் முன்பின் தெரியாத பன்னிரண்டு பதின்மூன்று பேர் நித்திரை கொண்டார்கள். அம்மா சந்தனத் தட்டத்தோடு சுவரில் சாய்ந்து நின்றார். அவருக்கும் கண் சொக்கியதை நான் கண்டேன்.

எனக்கு மட்டும் நித்திரை வரவில்லை. நாலு தரம் ஓமென்று சொல்லி அக்காவின் கலியாணத்தைக் குழப்பிவிட்டேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. மாமாவைத் தேடினேன். அவர் உள்ளே இல்லை. படலைக்கு வெளியே ரோட்டில், வெயிலில், தனியாக நின்றார். அந்த இடத்தில் நின்றால் வளைவுக்கூடாக நடுமுற்றம் வரைக்கும் தெரியும். அவர் நித்திரை கொள்கிற சனத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சால்வைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

அவ்வளவு பெரிய மனுஷன் அழுது நான் அதற்கு முன் கண்டதில்லை. ஓடிப்போய் அவருடைய வேட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

"மாமா, நான்தான் ஓமெண்டு சொல்லிப்போட்டன். இனிமேல் சொல்லமாட்டன் மாமா."

மாமா குனிந்து என்னைப் பார்த்தார். அழுகிறவருடைய முகமாகத் தெரியவில்லை. வளைவுக்குக் கீழே கதிரை போட்டு இருந்த அன்றைய முகமாக இருந்தது. கண் மட்டும் நனைந்திருந்தது.

"இன்னொருக்காலும் ஆரும் வந்து கேட்டினமெண்டால், ஓமெண்டே சொல்லு" என்றார்.

கோபத்தில் சொல்கிறார் என்று நினைத்து நான் இன்னும் பெரிதாக அழுதேன்.

பின்னேரம் மாப்பிள்ளையின் தாயார் எழும்பினார். அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். பெண் பார்க்க வருகிறவர்கள் பார்க்கிற ஒன்றையும் அவர் பார்க்கவில்லை. முகத்தை நிமிர்த்தச் சொல்லவில்லை, நடந்து காட்டச் சொல்லவில்லை.

"பிள்ளை, உமக்கு இந்த வீடு பிடிச்சிருக்கோ?" என்று மட்டும் கேட்டார்.

அக்கா சாடியைத் திரும்பிப் பார்த்தாள். "பிடிச்சிருக்கு. சாடிக்குத் தண்ணி அள்ளிறதுதான் கரைச்சல்" என்றாள்.

அவர் பாயில் இருந்தபடியே குலுங்கிச் சிரித்தார். கொக்கிளாய்ப் பெண்களும் சிரித்தார்கள். ஆடி பிறக்குமுன் பேச்சு முடிந்தது, ஆவணியில் கலியாணம். தண்ணீர் அள்ள ஒரு உருளையும் கயிறும் மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்து பூட்டினார்கள். மாப்பிள்ளையின் தாயார் கலியாணத்துக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. பதினாறு வருஷம் அந்த விறாந்தையில் மத்தியான நித்திரை கொண்டார். தமையனார் கோடை தோறும் தங்கச்சியைப் பார்க்க என்று சொல்லிக்கொண்டு வருவார். பாய் போட்டுக் கொடுத்தால் மாட்டேன் என்று சொன்னதில்லை.

இடையில் எங்கள் நாட்டில் சண்டை வந்து எவ்வளவோ நடந்தது. கூரை இரண்டு தரம் போனது. சுவரும் வளைவும் நின்றன. அக்காவின் பேரப்பிள்ளைகள் இப்போது அதில் இருக்கிறார்கள். சுற்றிவர எத்தனையோ புது வீடுகள், கண்ணாடி யன்னலும் சுழல்கிற காற்றாடியுமாக. மத்தியானத்தில் அந்த வீட்டுக்காரர்கள் ஏதாவது சாட்டுச் சொல்லிக்கொண்டு இங்கேதான் வருகிறார்கள். ஒருநாள் ஒரு வயது குறைந்த இஞ்சினியர் வந்து வளைவைத் தடவிப் பார்த்து, இது எந்தப் புத்தகத்தைப் பார்த்துக் கட்டினது என்று கேட்டார். றங்குப்பெட்டி மூடி என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

மடுவுக்குப் போகிற வண்டிகள் அடுத்த வருஷமும் வந்தன, அதற்கு அடுத்த வருஷமும் வந்தன. வீடு என்று தெரிந்தே வந்தார்கள். படலையில் நின்று, "பிள்ளை, உள்ளுக்கு வரலாமோ?" என்று கேட்பார்கள். நானும் மாமா சொன்ன பதிலையே சொல்வேன். அம்மா தான் கண்ணை மூடும்வரைக்கும் மாமாவைப் பூட்டு வாங்கி வரச் சொல்லிக்கொண்டிருந்தார். மாமா தான் கண்ணை மூடும்வரைக்கும் மறந்துபோனார். கல்கண்டு வாங்க ஒருநாளும் மறக்காத மனுஷன், இந்தப் பூட்டை மட்டும் எப்படி மறந்துபோகிறார் என்று எனக்கு அப்போது விளங்கவேயில்லை.